முதல் அசைவு யாருடையது?

மேல்கோட்டையில் யோக நரசிம்மர் மலைப்படி ஏறுகிறவர்கள் கையில் இருப்பதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது. வாழைப்பழமானாலும் தேங்காய் மூடியானாலும் அங்குள்ள குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை. பறித்துக்கொண்டு மதிலுக்குத் தாவும் தாய்க் குரங்கின் வயிற்றைக் கவனித்தால், அங்கே ஒரு குட்டி நாலு கைகால்களாலும் மயிரைப் பற்றியபடி தொங்கும். தாய் அதைத் தாங்குவதில்லை. தாவுகிறவளுக்குக் கைகள் வேறு வேலைக்கு வேண்டியிருக்கின்றன. பிடி நழுவினால் குட்டி கீழே. மலையடி அக்ரகாரத்துத் திண்ணைகளில் நடப்பது வேறு கதை. பூனை தன் குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு சுவரேறும்போது குட்டி செய்ய வேண்டியது எதுவுமில்லை. துவண்டு கிடந்தால் போதும்.

இந்த இரண்டு குட்டிகளையும் வைத்து ஸ்ரீவைஷ்ணவர்கள் பல நூற்றாண்டுகளாக வாதாடி வருகிறார்கள். பகவானின் அருளைப் பெற சீவன் ஏதாவது செய்தாக வேண்டுமா என்பது கேள்வி. பெயரளவுக்காவது ஒரு முயற்சி, ஒரு வியாஜம் வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார் கட்சி. அது மர்க்கட நியாயம், குரங்குக் குட்டியின் வழி. அருளுக்குக் காரணம் எதுவும் தேவையில்லை, வருவதை விலக்காமல் இருந்தாலே போதும் என்பது பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலையார் கட்சி. அது மார்ஜார நியாயம், பூனைக் குட்டியின் வழி. இரண்டு கலைகளுக்கும் இடையே பதினெட்டு பேதங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அவற்றில் பல இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வரும்.

வாதத்தை நினைத்துப் பார்க்க மேல்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சோழநாட்டை விட்டு வெளியேறிய ராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியதாக மரபு சொல்லும் திருநாராயணபுரம் இதுதான். ஸ்ரீரங்கம் படையெடுப்பில் சிக்கிய 14ஆம் நூற்றாண்டில் தேசிகர் இந்தப் பக்கம் வந்து தங்கினார் என்று வடகலை மரபு கூறுகிறது. தென்கலையாரின் ஆசார்ய ஹ்ருதயம் என்னும் நூலுக்கு உரை எழுதிய திருநாராயணபுரத்து ஆய் இந்த ஊர்க்காரர். தென்கலையார் தம் பெரிய ஆசாரியராகப் போற்றும் மணவாள மாமுனிகளுக்கே அந்த நூலில் ஓரிடத்தில் ஐயம் வந்தபோது, தீர்த்துக்கொள்ள ஆயிடம்தான் புறப்பட்டார் என்று கதை உண்டு. இன்றைக்கும் மண்டயம் ஐயங்கார் வீடுகளில் வாசலில் கன்னடமும் அடுக்களையில் தமிழும் ஒலிக்கிறது. கூடவே புளியோதரை மணமும்.

இதே கேள்வியை மனிதரை விட்டுவிட்டு, கண்ணும் நரம்பும் மூளையும் இல்லாத ஓர் உயிரிடம் கேட்டால் என்ன? திடீரென்று குளிர் தாக்கும்போது ஒரு பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறதே, அதில் முதல் அசைவு யாருடையது?

கேள்வி வம்புக்குக் கேட்பதல்ல. ராமானுஜ தரிசனத்தில் பிரம்மா முதல் புல் வரை எல்லா உடலிலும் ஆன்மா உண்டு. ஆன்மாக்களுக்குள் தரத்தில் வேறுபாடு கிடையாது. அவற்றின் அறிவுதான் கர்மத்துக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் இருக்கிறது. தாவரத்தில் மிகச் சுருங்கியும், ஊர்வனவற்றில் சற்றே விரிந்தும், பறவை, விலங்கு, மனிதர் என்று ஏறிச் செல்லும் படிவரிசையை விஷ்ணு புராணம் தருகிறது. தொல்காப்பிய மரபியல் இதையே புலன்களால் அடுக்குகிறது. அடிப்படியில் நிற்பது ஓரறிவுயிர், அதற்கு வாய்த்தது தொடுவுணர்வு மட்டும். மேல்கோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத சிரவணபெளகொளாவின் சமணர்கள் இன்னும் ஒருபடி கீழே போனார்கள். நிகோதம் என்று அவர்கள் சொல்லும் உயிர்கள் கண்ணுக்குப் புலப்படாதவை, ஒரே உடலில் எண்ணற்றவை, தொடுவுணர்வு மட்டும் உள்ளவை. ராமானுஜரை ஆதரித்த ஹொய்சள மன்னன் பிட்டிதேவன் முதலில் சமணனாக இருந்தவன் என்றே மரபு பேசுகிறது. விஷ்ணுவர்த்தனன் ஆன பிறகும் அவன் அரசி சாந்தலை சமணத்திலேயே இருந்தாள். இரண்டு தரிசனங்களும் ஓர் அரண்மனைக்குள் குடியிருந்தன.

இதை வைத்து, பாக்டீரியாவை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள் என்று உபன்யாச மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். உண்மை அதுவல்ல. பாக்டீரியாவை முதலில் கண்டவர் ஹாலந்தில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹூக். தானே தேய்த்த கண்ணாடி வில்லை வழியாகப் பார்த்ததை 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். நம் தரிசனங்கள் செய்தது வேறொரு காரியம். அவ்வளவு சிறிய உயிர் இருந்தால் அதற்கும் ஓர் இடம் என்று இலையைப் போட்டு வைத்திருந்தன. இலையில் என்ன விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

மார்கழி விடியலில் மேல்கோட்டை கல்யாணித் தீர்த்தத்தில் முழுக்குப் போடுகிறவருக்குப் பல் தந்தியடிக்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். பக்தர் துவட்டிக்கொண்டு சூடாகக் காப்பி குடிக்கலாம். அவர் குடலிலிருந்து வெளியேறிக் குளிர்ந்த நீரில் விழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை. 37 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில், சத்து நிறைந்திருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடிய உயிர் அது. ஆய்வகங்களில் இதையே இன்னும் கடுமையாக்கி, 37இலிருந்து நேராக 10 டிகிரிக்கு இறக்குவார்கள். வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். சுமார் நான்கு மணி நேரம் பெருக்கம் இருக்காது. பிறகு மெதுவாக மறுபடியும் தொடங்கும்.

அந்த நான்கு மணி நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. முதல் அடி செல்லின் சவ்வுக்கு. கொழுப்பால் ஆன அந்தச் சவ்வு மார்கழி நெய் போல இறுகுகிறது. டி.என்.ஏ. இழை முன்பைவிட முறுக்கேறுகிறது. ஆனால் பெரிய தொல்லை தூது ஆர்.என்.ஏ.வில். மரபணுவின் செய்தியை ரைபோசோமுக்கு எடுத்துச் செல்லும் இழை அது. குளிரில் தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்கிறது. மடிப்பு விலகாவிட்டால் ரைபோசோம் படிக்க முடியாது. படிக்காவிட்டால் புரதம் இல்லை. ஏறக்குறைய எல்லாப் புரத உற்பத்தியும் நின்றுபோகும் அந்த நேரத்தில் சில புரதங்கள் மட்டும் தாராளமாக உருவாவதை 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நைட்ஹார்ட் குழுவினர் கண்டார்கள். அவற்றில் முதன்மையானதை 1990இல் நியூ ஜெர்சியில் மசயோரி இனோயே குழு அடையாளம் கண்டது. வெறும் 70 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதம். பின்னாளில் அதற்கு சி.எஸ்.பி.ஏ. என்று பெயர். 10 டிகிரியில் செல் புதிதாக உண்டாக்கும் புரதத்தில் அது மட்டும் 13 சதவீதம் வரை போனது. கடையடைப்பு நாளில் ஒரு கடை மட்டும் எப்படித் திறந்திருக்கிறது?

விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. கிடைத்தபோது, தத்துவம் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய விடையாக இருந்தது.

வெப்பம் ஏறினால் பாக்டீரியா அதற்கென்று தனி அதிகாரி ஒருவரை எழுப்பும். சிக்மா-32 என்னும் புரதம் வந்து தேவையான மரபணுக்களை முடுக்கிவிடும். குளிருக்கு அப்படி யாரும் இல்லை. சி.எஸ்.பி.ஏ.வின் தூது ஆர்.என்.ஏ. குளிர் வந்த பிறகு புதிதாக எழுதப்படும் ஓலை அல்ல. 37 டிகிரியிலும் அது எழுதப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. எழுதிய பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் பாதி சிதைந்துவிடும். அவ்வளவுதான் வேறுபாடு. குளிர் வந்ததும் சிதைவு நின்று, அதே செய்தி இருபது நிமிடத்துக்கு மேல் நிலைக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. அதன் முன்பகுதியில் 159 எழுத்து நீளத்துக்கு ஒரு முகப்பு உண்டு. வெதுவெதுப்பில் அந்த முகப்பு ஒருவிதமாக மடிந்து, ரைபோசோம் உட்காரும் இடத்தை மறைக்கிறது. குளிரில் வேறுவிதமாக மடிந்து அந்த இடத்தைத் திறந்து காட்டுகிறது. இத்தாலியின் காமெரினோ பல்கலைக்கழகத்துக் குவலெர்சி குழுவினர் 2010இல் இதை விரிவாக நிறுவினார்கள். மற்றச் செய்திகளையெல்லாம் பூட்டும் குளிரே இந்த ஒரு செய்தியின் பூட்டைத் திறக்கிறது.

தென்கலைப் பண்டிதர் ஒருவர் இதைக் கேட்டால் புன்னகை செய்வார். அருள் எப்போதும் வந்துகொண்டிருக்கிறது, நாம்தான் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம், தள்ளுவது நின்றால் போதும். இதைத்தானே எங்கள் ஆசாரியர்கள் சொன்னார்கள் என்பார். பொருத்தம் அபாரம்தான்.

அபாரமான பொருத்தங்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். வடகலைப் பண்டிதரும் சும்மா இருக்க மாட்டார். சி.எஸ்.பி.ஏ. வந்தவுடன் கதை முடிந்துவிடவில்லை என்பார். அந்தப் புரதம் போய் மற்ற ஆர்.என்.ஏ. இழைகளைப் பற்றிக்கொண்டு மடிப்பை விலக்க வேண்டும். மடிந்ததைப் பிரிக்கும் நொதியும், கெட்டியாக மடிந்ததை அரைத்துத் தள்ளும் ஆர்.என்.ஏஸ்-ஆர் நொதியும் வேலைக்கு வர வேண்டும். சவ்வின் கொழுப்பை மாற்றிக் கட்ட வேண்டும். ரைபோசோமையே பழுதுபார்க்க வேண்டும். நாலு மணி நேர உழைப்பு. ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் மலய் ரே குழுவினர் அண்டார்டிகாவிலிருந்து கொண்டுவந்த சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியாவில் ஆர்.என்.ஏஸ்-ஆர் மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள். 22 டிகிரியில் வளர்ந்த அது 4 டிகிரியில் வளரவில்லை. உறைபனியிலேயே பிறந்து வளர்ந்த உயிருக்கும் கை பிடித்தால்தான் வாழ்வு. குரங்குக் குட்டிக்கு இதைவிட நல்ல சாட்சி எது?

ஒரே செல்லில் இரு கட்சிக்கும் சாட்சி கிடைத்தால், உவமை வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு உவமைகளிலும் தாய் வேறு, குட்டி வேறு. யார் யாரைப் பிடித்தார்கள் என்று கேட்கலாம். பாக்டீரியாவின் செல்லுக்குள் பிடிப்பவரையும் பிடிக்கப்படுபவரையும் பிரிக்கக் கோடு எங்கே போடுவது?

இந்த இடத்தில் இரண்டு கலைகளுக்கும் முந்தியவரான ராமானுஜரிடம் திரும்புவது உதவும். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் சீவன் கர்த்தா, அதாவது செயலைச் செய்பவன் என்று முதலில் நிறுவப்படுகிறது. இல்லாவிட்டால் செய், செய்யாதே என்று சாஸ்திரம் யாரிடம் பேசும்? சில சூத்திரங்கள் கழித்து, அந்தக் கர்த்திருத்துவம் பரமாத்மாவிடமிருந்து வருவது என்றும் சொல்லப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஸ்ரீபாஷ்யம் காட்டும் எடுத்துக்காட்டில் குரங்கும் இல்லை, பூனையும் இல்லை. ஒரு சொத்துக்கு இரண்டு உடைமையாளர்கள். ஒருவர் அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க நினைத்தால் மற்றவர் சம்மதிக்காமல் முடியாது. ஆனால் சம்மதம் பெற்றுக் கொடுத்தவர் அவர்தான், பலனும் அவருக்கே. பத்திரப் பதிவு அலுவலகத்தின் நினைவு வருகிறதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். செய்யும் ஆற்றல் கொடுக்கப்பட்டது, செய்தது என்னவோ உண்மையிலேயே என்னுடையது என்ற சிக்கலான நிலையை இவ்வளவு உலகியலாகச் சொன்னவர் குறைவு. சி.எஸ்.பி.ஏ. மரபணுவை இன்றைய பாக்டீரியா உண்டாக்கிக்கொள்ளவில்லை. அது வந்த சொத்து. குளிரில் உழைப்பது மட்டும் அதனுடையது. குட்டிகளின் உவமையைவிட இந்தப் பங்காளிச் சொத்து, செல்லுக்குள் நடப்பதற்கு நெருக்கமாக இருக்கிறது.

ஆனால் சொத்து வந்த வழியைக் கேட்டால் சங்கடம் தொடங்குகிறது. இந்த ஏற்பாடு பாக்டீரியாவுக்குக் கருணையால் அருளப்பட்டதாகப் பரிணாமம் காட்டவில்லை. குளிரில் செய்தி திறக்காதவை செத்தன, திறந்தவை மிஞ்சின. இன்று கல்யாணித் தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு ஈ.கோலையும் மிஞ்சியவற்றின் வாரிசு. பூனை கவ்விக் காப்பாற்றிய குட்டியைப் பற்றிப் பேசும் உவமையில், கவ்வாமல் விட்ட குட்டிகளுக்கு இடமில்லை. கர்மம் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம்தான். பாக்டீரியா என்ன கர்மம் செய்தது என்று யாராவது கேட்டால், முன்பிறவி என்று சொல்வதைத் தவிர வேறு பதில் கையில் இல்லை. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பதில் போதவில்லை.

இதைவிட ஆழமான சங்கடம் ஒன்று உண்டு. மேடைகளில் அதைப் பற்றிப் பேச்சே வராது. பாக்டீரியா குளிரை அறிகிறதா?

பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண் பாக்டீரியாவில் டெஸ்-கே என்று ஒரு புரதம் சவ்வில் பதிந்திருக்கிறது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் டியேகோ தெ மெண்டோசா குழு அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. டெஸ்-கே வெப்பநிலையை அளப்பதே இல்லை. குளிரில் இறுகும் சவ்வு தடிக்கிறது, அந்தத் தடிப்பை அது உணர்ந்து தகவல் அனுப்புகிறது. சவ்வை மறுபடி இளக்கும் மரபணு உடனே விழித்துக்கொள்கிறது. தொல்காப்பியர் ஓரறிவுயிர்க்கு வகுத்த தொடுவுணர்வு இதுதான் என்று சொல்ல நா துடிக்கும்.

துடிக்கும் நாவை அடக்க ஒரு சோதனை போதும். சி.எஸ்.பி.ஏ.வின் தூது ஆர்.என்.ஏ.வைச் செல்லிலிருந்து பிரித்து, உயிரே இல்லாத சோதனைக்குழாயில் வைத்தாலும், வெதுவெதுப்பில் ஒருமாதிரியும் குளிரில் வேறுமாதிரியும் அது மடிகிறது. உணர்வதாக நாம் நினைத்த காரியத்தைச் செய்ய உயிர் தேவைப்படவில்லை. ராமானுஜர் வழி வந்த விசிஷ்டாத்வைதிக்கு இது சின்ன விஷயமல்ல. அறிவு என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய அறிவு, அறிபவன் இல்லாமல் அறிவு நிற்காது என்பது அவர் பௌத்தர்களோடு போட்ட சண்டையின் மையம். பௌத்தரோ, நிகழ்வுகளின் ஓட்டம் உண்டு, நடுவில் அமர்ந்து அறிபவன் ஒருவன் இல்லை என்றார். குளிரில் பாக்டீரியாவைப் பார்த்தால் பௌத்தர் சொன்னதுபோலத்தான் தெரிகிறது. இழை மடிகிறது, புரதம் பிறக்கிறது, புரதம் இழையைப் பிரிக்கிறது. போதுமான அளவு பிறந்ததும் அதே புரதமும் ஆர்.என்.ஏஸ்-ஆரும் சேர்ந்து தன் செய்தியையே குறைத்துக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் கரோல் கிராஸ் குழு 2018இல் காட்டிய சுழற்சி இது. நிறுத்தவும் ஆள் வேண்டியிருக்கவில்லை.

விசிஷ்டாத்வைதியிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆர்.என்.ஏ. அசித்து, சடப்பொருள். சடம் சடத்துக்கு ஏற்ப மாறுவது அறிவாகாது. தனக்குத்தானே தோன்றுவது எதுவோ அதுதான் ஆன்மா. பாக்டீரியாவுக்குள் அப்படி ஒன்று இருக்கலாம், நுண்நோக்கியில் அது விழாது. ஒப்புக்கொள்ளத்தக்க பதில்தான். ஆனால் இதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். செல் எவ்வளவு சாமர்த்தியமாகப் பிழைத்தாலும், அந்தச் சாமர்த்தியத்தை இனி ஆன்மாவுக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. வெள்ளித்திரை வைத்து விளக்கப்படம் காட்டிச் செய்யும் சொற்பொழிவுகளில் பாதி இதோடு நின்றுபோகும். போகட்டும்.

விஞ்ஞானியும் ரொம்பக் குதிக்க வேண்டாம். வெறும் எந்திரம் என்று பாக்டீரியாவை ஒதுக்கிவிட்டுத் தன்னை மட்டும் அறிபவனாக வைத்துக்கொள்வது அவருக்கும் சுலபமில்லை. சி.எஸ்.பி.ஏ.வின் அதே மடிப்பமைப்பு மனித உடலிலும் இருக்கிறது. ஒய்பி-1, லின்-28 என்னும் நம் புரதங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2007இல் விஸ்கான்சினில் மனிதத் தோல் செல்லை மறுபடி கருநிலைச் செல்லாக மாற்றப் பயன்படுத்திய நான்கு மரபணுக்களில் லின்-28 ஒன்று. அமெரிக்காவில் 2013இல் சந்தைக்கு வந்த வறட்சி தாங்கும் மக்காச்சோளத்தில் வைத்திருப்பது பேசில்லஸின் குளிர்ப்புரத மரபணு. குளிருக்கான புரதம் வெயிலில் பயிரைத் தாங்குகிறது. குளிர்ப்புரதம் என்று பெயர் வைத்தது நாம், அதுவோ ஆர்.என்.ஏ. மடிப்பை விலக்கும் தன் வேலையை எங்கே வைத்தாலும் செய்கிறது. 37 டிகிரியிலேயே, புதுச் சத்து கிடைத்து ஈ.கோலை வேகமெடுக்கும் தருணத்தில் சி.எஸ்.பி.ஏ. தலைகாட்டுவதும் பிறகு தெரியவந்தது.

அருள் மிகுந்தால் என்ன ஆகும் என்பதையும் இனோயே குழு கண்டது. 1996இல், சி.எஸ்.பி.ஏ. செய்தியின் முன்பகுதியை மட்டும் வெட்டி, குளிரில் ஏராளமாக உண்டாக வைத்தார்கள். ரைபோசோம்கள் எல்லாம் அந்தப் பாதிச் செய்தியிலேயே மாட்டிக்கொண்டன. செல்லின் வளர்ச்சி நின்றது. 2001இல் எதிர்த்திசையில் போனார்கள். ஈ.கோலையில் இந்தக் குடும்பத்துக்கு ஒன்பது மரபணுக்கள். ஒன்றை நீக்கினால் மற்றவை ஈடுகட்டிவிடும். நான்கை நீக்கிய பிறகுதான், 37 டிகிரியில் வாழும் அந்த பாக்டீரியா 15 டிகிரியில் வளர முடியாமல் போனது.

வாதத்தில் தீர்ப்பு சொல்லும் தகுதி பாக்டீரியாவுக்கு இல்லை. வாதிப்பவர்களின் சோம்பலை அது கலைக்கும். செயல் என்றால் என்ன, பெற்றது எது, செய்தது எது, அறிவதற்கும் எதிர்வினைக்கும் இடையே கோடு எங்கே என்று பழைய சொற்களைப் புதிதாக வரையறுக்கச் செய்யும். மேல்கோட்டையில் சம்ஸ்கிருத ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. ஸ்ரீபாஷ்யத்தை வரிக்கு வரி சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில், மைசூருவில், 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. நுண்ணுயிரைக் குளிரிலும் சூட்டிலும் வைத்துப் பார்ப்பது அங்குள்ளவர்களுக்கு அன்றாட வேலை. அடுத்த வித்வத் சதஸுக்கு அவர்களில் ஒருவரை அழைக்கலாம். சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைப்பதற்கு அல்ல, பூர்வபட்சம், அதாவது எதிர்வாதம் பேசுவதற்கு. வேதாந்திகள் பதில் சொல்லட்டும், பதிவு செய்து அச்சிடட்டும். சாஸ்திரத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அன்று ஒருநாள் யாரும் சொல்லாமல் இருக்க வேண்டும்.